கைப்பிடிச் சுவர்

தன் வீட்டைத் தானே செப்பனிடும் ஒருவருக்கு, தேர்ந்த தொழிலாளருக்கென்றே செய்யப்பட்ட வீரியமிக்க பொருளை விற்கலாமா? விற்றபின் நேர்வதற்குப் பொறுப்பாளி யார்? கடைத்தெருக் கேள்வியாகத் தோன்றினும், பிறரன்பின் எல்லையைத் தொடும் கேள்வி இது.

அமெரிக்காவில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம். பழைய வண்ணப்பூச்சை உரிக்க, மெத்திலீன் குளோரைடு கலந்த திரவம் அங்கு நெடுங்காலம் எவருக்கும் கடைகளில் கிடைத்தது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. காற்றோட்டமற்ற குளியலறையில் தாழ்ந்து தேங்கி, மயக்கமூட்டி, உயிரையும் பறிக்கும். சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. 2019ஆம் ஆண்டில், வண்ணம் நீக்கும் இத்திரவத்தைப் பொதுமக்களுக்கு விற்பதை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தடை செய்தது.

தன் இல்லத்தில் தன் கையால் உழைக்க மனிதனுக்கு உரிமையில்லையா என்று கேட்கலாம். உண்டு. நாசரேத்துத் தச்சரின் இல்லத்தைப் போற்றும் நாம் கையுழைப்பைத் தாழ்வாகக் கருதலாகாது. கூலி கொடுக்க இயலாத எளியவரிடமிருந்து, சிலரது ஆதாயத்துக்காக மட்டும் நல்ல பொருளை மறைத்து வைப்பது அநீதியே.

எச்சரிக்கையைப் புட்டியில் அச்சிட்டுவிட்டோமே என்பார் உற்பத்தியாளர். விற்கும் பொருளில் மறைந்துள்ள குறை வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்குமானால் அதை வெளிப்படுத்துவது விற்பவரின் கடமை என்று கற்பித்தார் புனித தோமா அக்குவினாஸ். வெளிப்படுத்துதல் என்பது பொடி எழுத்தில் அச்சிடுதல் அன்று. வாங்குபவரை உணரச் செய்தல். 'தேர்ந்த தொழிலாளருக்கானது' என்னும் சொல்லே பலருக்கு எச்சரிக்கையாக அன்றி, தரச்சான்றாக அல்லவா ஒலிக்கிறது!

தேர்ந்தவராவது பிழைத்தாரா? 2000 முதல் 2011 வரை அந்நாட்டில் குளியல் தொட்டிகளைப் புதுப்பிக்கையில் இத்திரவத்தால் இறந்த 13 பேரை ஆய்வாளர் கண்டறிந்தனர். அவர்கள் வீட்டுக்காரர் அல்லர். அத்தொழிலில் ஈடுபட்டிருந்த தொழிலாளர். தொழிலாளி என்னும் பெயர் எவரையும் காப்பதில்லை; அறிவும், தக்க கருவியும், காற்றோட்டமுமே காக்கின்றன. 2024இல் பெரும்பாலான தொழிற்பயன்களுக்கும் தடை விரிவாக்கப்பட்டது.

புது வீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம். இல்லையேல், விழுபவரின் இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும். மாடியில் ஏறலாகாது என்று அச்சட்டம் விலக்கவில்லை. ஏறுபவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று கைவிடவும் இல்லை. கட்டியவர்மேல் கடமையைச் சுமத்தியது.

ஆகவே, தவறினால் சுவர் கோணுவதோடு முடியும் பொருளை எவருக்கும் விற்கலாம். பயன்படுத்தும் முறையைக் கற்பித்து விற்பது மேல். தவறினால் உயிரே போகும் பொருளை, பயிற்சியும் பாதுகாப்பும் உறுதிப்பட்டாலன்றி விற்கலாகாது. வாங்குபவர் வீட்டுக்காரராயினும் சரி, கூலியாளாயினும் சரி. ஆபேலைக் குறித்து இறைவன் காயினிடம் கேட்ட கேள்வி, கல்லாப்பெட்டியின் அருகிலும் ஒலிக்கிறது.