காட்டில் விருந்தினன் கடமை

விருந்தோம்புவானுடைய அறம் இன்னதென்று நம் முன்னோர் விரிவாக எடுத்துரைத்துள்ளனர். விருந்தாகச் செல்பவனுக்கும் ஓர் அறம் உண்டென்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. பிறர் வீட்டில் கால் வைப்பவன் முதலில் அறியவேண்டுவது அவ்வீடு யாருடையது என்பதே. வீடு காடாகவும், வீட்டார் யானையும் காட்டெருமையுமாகவும் இருந்தால் இக்கடமை நீங்கிவிடுமோ? வனவிலங்குகளின் நடுவே பொருள் கொடுத்துத் தங்கும் வழக்கம் பெருகிவிட்ட இந்நாளில் இவ்வினா ஆராயத் தக்கதாகும்.

இவ்வகை விடுதிகளுள் பெரும்புகழ் பெற்றது கிழக்கு ஆப்பிரிக்காவில், கென்யா தேசத்து அபர்டேர் மலைக்காட்டில் எழுந்த 'ட்ரீடாப்ஸ்'. மர உச்சி என்பது இப்பெயரின் பொருள். 1932ஆம் ஆண்டில் எரிக் ஷெர்புரூக் வாக்கர் என்னும் ஆங்கிலேயர், நீர்நிலை ஒன்றின் கரையில் நின்ற பெரிய அத்தியின மரத்தின் கிளைகள்மேல் இரண்டே அறைகள் கொண்ட பலகை வீடொன்றை அமைத்தார். அண்மையிலுள்ள நியேரி நகரத்து ஹோட்டலிலிருந்து விருந்தினர் அழைத்து வரப்படுவர். கடைசித் தொலைவைத் துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரர் துணையோடு நடந்தே கடக்கவேண்டும். வழியில் விலங்கு எதிர்ப்பட்டால் ஏறித் தப்புவதற்கென்று மரங்களில் ஏணிகள் அறையப்பட்டிருந்தன. மேலே ஏறியபின் உரக்கப் பேசலாகாது. நீரும் உப்பும் நாடி விலங்குகள் இரவெல்லாம் வந்து போகும். மனிதர் விழித்திருந்து பார்ப்பர்.

இவ்வேற்பாட்டில் ஒரு நல்லறம் அடங்கியிருப்பதை நாம் மறுக்கவில்லை. மிருகக்காட்சிச் சாலையில் கூண்டில் இருப்பது விலங்கு. இங்கே கூண்டில் இருப்பவன் மனிதன். சீமான்கள் தந்தத்தையும் கொம்பையும் சுமந்து திரும்பிய காலத்தில், கண்டு மகிழ்தலே போதுமென்று மனிதனை ஓரிரவு வாய்மூடி உட்காரவைத்தது சிறு காரியமன்று. தன்னைப் பொருட்படுத்தாமல் ஓர் உயிர் தன் போக்கில் வாழ்வதைக் காண்பவனுடைய செருக்கு ஓரளவேனும் அடங்கும். உலகம் தனக்காகவே படைக்கப்பட்டதென்னும் மயக்கம் அவனுக்குச் சிறிது தெளியும்.

ஆயின், இந்த அடக்கம் அக்காட்டின் ஓரத்தில் வாழ்ந்த மனிதரிடம் காட்டப்பட்டதா? அம்மலையடிவாரம் கிக்கூயு மக்களின் நாடு. அத்தியினத்தைச் சேர்ந்த முகுமோ மரத்தடியில் நின்று வழிபடுவது அவர்தம் மரபு. குடியேற்ற ஆட்சியில் கென்யாவின் வளமிக்க மேட்டு நிலங்கள் வெள்ளையர்க்கென ஒதுக்கப்பட்டன. ஆப்பிரிக்க ஆடவர் 'கிப்பாண்டே' என்னும் அடையாளச் சீட்டை உலோகப் பேழையிலிட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுத் திரியவேண்டியிருந்தது. உரிமம் பெற்ற வெள்ளையன் விலங்கைச் சுட்டால் அது வேட்டை விளையாட்டு. ஆப்பிரிக்கன் உணவுக்காகக் கண்ணி வைத்தால் அது திருட்டு. யானையின் காலடி ஓசைக்குச் செவிசாய்த்தவர்க்கு அண்டையிலிருந்த உழவனின் முறையீடு கேட்கவில்லை.

1952 பிப்ரவரி 5ஆம் நாள் இரவை இளவரசி எலிசபெத் தம் கணவருடன் இம்மரவீட்டில் கழித்தார். குமாயூன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் பெயர்பெற்ற ஜிம் கார்பெட் ஏணியின் தலைப்பில் காவலிருந்தார். அவ்விரவில் இங்கிலாந்தில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் உறக்கத்திலேயே காலமானார். இளவரசியாக மரமேறியவர் அரசியாக இறங்கினார் என்று உலகம் வியந்து பேசிற்று. அதற்குப் பின்னர் அக்காட்டில் நிகழ்ந்ததை உலகம் அத்துணை ஆர்வத்தோடு பேசவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் கென்யாவில் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. நிலமும் விடுதலையும் கேட்டெழுந்த மாவ் மாவ் போராளிகள் அபர்டேர் காட்டுக்குள் புகுந்தனர். 1953இல் அக்காடு தடை செய்யப்பட்ட பகுதியாயிற்று. அங்கே தென்படுவோரைக் கண்டவுடன் சுடலாம் என்றாயிற்று. 1954இல் போராளிகள் மரவீட்டை எரித்தனர். அவ்வாண்டு முதல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அகழியும் முள்வேலியும் சூழ்ந்த ஊர்களில் அடைக்கப்பட்டனர்.

முன்னே நாம் புகழ்ந்த கூண்டையும் இக்கூண்டையும் வாசகர் ஒப்பிட்டுப் பார்க்க. ஒன்றில் செல்வர் தம் விருப்பால் ஓரிரவு புகுந்தனர். மற்றொன்றில் மண்ணின் மைந்தர் துப்பாக்கி முனையில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டனர். 1957இல் நீர்நிலையின் எதிர்க்கரையில் புதிய விடுதி எழுந்துவிட்டது. அக்கொடுமைகளுக்காகப் பிரிட்டிஷ் அரசாங்கம் வருத்தம் தெரிவித்து 5,228 பேருக்கு இழப்பீடு வழங்க இசைந்ததோ 2013ஆம் ஆண்டில்தான்!

"அப்படியாயின் மனிதன் வாடும்போது விலங்கைக் காப்பது வீண் அன்றோ?" என்று சிலர் கேட்கலாம். அம்முடிபும் பிழையே. நைரோபி நகரத்தார் பருகும் நீரின் பெரும்பகுதி அபர்டேர் மலையினின்று இறங்குவது. தானா ஆற்றுக்கும் அம்மலை நீர் ஊட்டுகிறது. காடு அழிந்தால் யானை மட்டுமா மடியும்? உழவனும் மடிவான். ஆகவே காக்க வேண்டுமா என்பது வினாவன்று. காப்பதன் விலையை யார் கொடுக்கிறார் என்பதே வினா.

காட்டோரத்து இரவொன்றை எண்ணிப் பாருங்கள். ஒரே யானைக்காக இருவர் விழித்திருக்கின்றனர். விடுதியின் உப்பரிகையில் இருப்பவன் அது வரவேண்டுமென்று ஏங்குகிறான். சோளக்கொல்லையில் தீவட்டியோடு நிற்பவன் அது வரலாகாதென்று அஞ்சுகிறான். யானை வந்தால் முன்னவனுக்கு ஓர் இன்பம். பின்னவனுக்கு ஓராண்டு உழைப்பின் நாசம். எனில் அவ்யானைக்கு உண்மையில் சோறிடுபவன் யார்? விடுதிக்காரன் அல்லன், உப்பு வைப்பவனும் அல்லன். பயிரை இழக்கும் அவ்வுழவனே. அவனுடைய பெயர் விடுதியின் வருகைப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை.

இவ்விருவரையும் சமன்செய்ய வழியே இல்லையென்று சொல்வதற்கில்லை. அபர்டேர் காட்டைச் சுற்றி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீள மின்வேலி 1989இல் தொடங்கி 2009இல் நிறைவுற்றது. காண்டாமிருகத்தைக் கள்ள வேட்டையினின்று காக்கத் தொடங்கிய அவ்வேலை, பயிரை யானையினின்று காக்கும் வேலையாகவும் விரிந்தது. உழவனின் உறக்கத்தையும் கணக்கில் கொண்டபோதுதான் காட்டுக்கு அரண் உறுதியாயிற்று என்பது இதனால் விளங்கும்.

இது தூரதேசத்துச் செய்தி என்று ஒதுக்கவேண்டா. மலேசியாவின் தாமான் நெகாராவிலும் உப்புநிலங்களின் அருகே பரண்களில் தங்கி விலங்குகளைப் பார்ப்பார் உளர். அக்காட்டிலேயே பாத்தேக் பூர்வகுடிகள் வாழ்ந்து வருகின்றனர். பரணேறும் நாம் தாப்பிரின் சுவட்டைத் தேடும் அளவுக்கு அவர்தம் வாழ்வைப் பற்றிக் கேட்டறிகின்றோமா?

விலங்கின்முன் மௌனம் காக்கக் கற்றவன் பாதி அறம் கற்றவனே. அவன் பார்க்கும் காட்சிக்கு நிலத்தையும் விளைச்சலையும் உறக்கத்தையும் விலையாகக் கொடுத்தவர் எவர் என்று வினவுவதும், விடுதிக்கு அவன் கொடுக்கும் பணத்தில் அவர்க்கு உரிய பங்கு சேர்கிறதா என்று கேட்பதும் மற்றப் பாதி. கேட்கத் துணியாதவன் காட்டில் விருந்தினன் அல்லன். வீட்டாரை அறியாமல் உண்டுவிட்டுப் போகும் வழிப்போக்கனே ஆவான்.