முதற் செவியில் வென்றவை

கேட்ட முதன்முறையே நெஞ்சைக் கவரும் இசைத்தட்டு, அதனாலேயே சிறந்ததாகிவிடுமா?

1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ இளையராஜா இசையமைத்த முதற்படம். அதன் பாடல்கள் செரண்டாத் தோட்டத்து லயங்களில் ஒலித்த நாளில் நான் சிறுவன். பால்மரம் வெட்டித் திரும்பிய பெண்கள் ஒருமுறை கேட்டே உடன் முணுமுணுத்தனர். வியப்பில்லை. தாலாட்டிலும் நடவுப் பாட்டிலும் அவர்கள் அறிந்திருந்த நாட்டுப்புற மெட்டின் சாயல் அவற்றில் இருந்தது. புதியதொன்றை அவர்கள் ஏற்கவில்லை. தம்முடையதை அடையாளங் கண்டுகொண்டனர். இதனால் அப்பாடல்களின் உயர்வு குறைந்துவிடாது.

1986இல் அவரே தியாகராஜருக்கும் செருமானிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையாக்கிய ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பையோ, முதன்முறை கேட்டதும் ஒதுக்கிவைத்தேன். பல்லாண்டு கழித்தே அது எனக்குப் பிடிபட்டது. குறை இசையிலா, என் செவியிலா?

இவ்வினா என்னை வகுப்பறையில்தான் வருத்துகிறது. முதல் நாளே கணீரென்று பேசும் மாணவனை உடனே விரும்பிவிடுகிறோம். அவன் நமக்குப் பழகிய மொழியைப் பேசுகிறான். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த புதிதில், வாய் திறவாத ஒரு சிறுமியை மந்தமானவள் என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதினேன். ஆண்டிறுதியில் அவளது கட்டுரை ஏட்டைப் பொறுமையாகப் படித்தேன். அவ்வகுப்பில் அதற்கு இணையான ஏடு வேறில்லை. அதற்குள் என் குறிப்பை அவள் பெற்றோர் படித்துக் கையொப்பமிட்டிருந்தனர்.