மருத்துவாமலையும் தைக்காடும்

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது கழக்கூட்டம். மேற்கே சற்றுத் தொலைவில் அரபிக்கடல். வடமேற்கே கடினங்குளம் காயல். கிழக்கே செம்மண் மேடுகளும் தென்னந்தோப்புகளும். மகாதேவர் கோயில் கொண்ட பழைய ஊர். அதன் அருகே வைத்தியன் குன்றில் 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க், நம் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. தமிழகத்து இளைஞர்கள் பலரும் அங்கே பணிபுரிகின்றனர்.

அவர்களுள் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சுவாமிஜி, காலை முதல் இரவுவரை கணினியின் முன்னால் அமர்ந்திருக்கிறேன். ஜபத்தில் மனம் நிற்பதில்லை. வேலையை விட்டுவிட்டு எங்காவது போய்விடட்டுமா?"

வீட்டில் வயதான பெற்றோர் அவரை நம்பியிருந்தனர். எனவே 'போ' என்றும் 'இரு' என்றும் எளிதில் கூறிவிட முடியவில்லை. "நீங்கள் வசிக்கும் ஊரின் வரலாறு தெரியுமா?" என்று கேட்டேன்.

முற்காலத்தில் வேணாட்டில் எட்டுவீட்டில் பிள்ளைமார் என்னும் பிரபுக்கள் இருந்தனர். கழக்கூட்டத்துப் பிள்ளை அவர்களுள் ஒருவர். அருகிலுள்ள செம்பழந்திப் பிள்ளை மற்றொருவர். பத்மநாபசுவாமி கோயில் நிலங்களின் வருவாயைத் திரட்டித் தரும் பொறுப்பு அவர்களுடையது. நாளடைவில் பொறுப்பு உரிமையாயிற்று; இறைவனின் நிலம் 'எனது' ஆயிற்று. 1729-இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மர் அவர்களை ஒடுக்கினார். அவர்களுடைய மாளிகைகளை இடித்து அங்கே குளம் தோண்டினர் என்பது மரபு. மன்னரின் கடுமைக்கு நான் நியாயம் கூற வரவில்லை. ஆனால் அதே மன்னர் 1750-இல் நாடு முழுவதையும் ஸ்ரீபத்மநாபனுக்கே அர்ப்பணித்து, பத்மநாபதாசராக ஆட்சியைத் தொடர்ந்தார். படையும் வரிக்கணக்கும் முன்போலவே இருந்தன. உடையவர் மட்டுமே மாறினார்.

அன்பர் சிரித்தார். "அவர் அரசர், சுவாமிஜி. எனக்கோ மேலதிகாரி இருக்கிறார்!"

நியாயமான பேச்சுதான். மேலதிகாரி உடைய ஒருவரின் கதையையே அவருக்குச் சொன்னேன். 1814-இல் தமிழகத்தில் பிறந்தவர் தைக்காடு ஐயாவு சுவாமிகள். மனைவி மக்களுடன் வாழ்ந்த இல்லறத்தார். திருவனந்தபுரத்தில் ஆங்கிலேயரின் ரெசிடென்சியில் சூப்பிரண்டெண்டாகப் பணியாற்றினார். 'சூப்பிரண்டு ஐயாவு' என்றே ஊரார் அவரை அழைத்தனர். சம்பளத்துக்கு உழைத்த அந்த மனிதரிடம்தான் சட்டம்பி சுவாமிகளும் ஸ்ரீ நாராயண குருவும் யோகம் பயின்றனர். சாதி வேற்றுமை கடுமையாக நிலவிய அந்நாளில், எல்லாச் சாதியினரையும் ஒரே பந்தியில் அமரச் செய்து உணவளித்தவர் அவர். அதற்காக ஏச்சும் கேட்டவர். 1909-இல் அவர் சமாதி அடைந்த பின், அவ்விடத்தில் சிவாலயம் எழுந்தது.

சீடராகிய நாராயண குரு தவத்திற்காக மருத்துவாமலைக் குகைக்குச் சென்றார்; குருநாதரோ மறுநாளும் தைக்காட்டில் அலுவலகத்திற்குச் சென்றார். இருவரில் யார் துறவி என்று நாம் தீர்ப்புக் கூறத் தேவையில்லை.

அந்த நாராயண குரு 1856-இல் பிறந்த இடம் செம்பழந்தி. கழக்கூட்டத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவே. அவர் பிறந்த வயல்வாரம் வீடு, மண்சுவரும் ஓலைக்கூரையுமாக இன்றும் போற்றிப் பாதுகாக்கப்படுகிறது. நான்கு ஆண்டுகளாக அங்கே வசித்தும் அன்பர் அதைப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு சென்று வந்ததாகப் பின்னர் எழுதியிருந்தார். திங்கட்கிழமை வழக்கம்போல் பணிக்கும் சென்றாராம். ஜபத்தில் மனம் நிற்கிறதா என்று அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.