தீர்த்தன் கரையில் இரண்டு குடும்பங்கள்

டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திணறத் தொடங்கிவிடும். குளிர்ந்த நீரில்தான் ஆக்சிஜன் அதிகம் கரையும். 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் இருப்பது, 30 டிகிரியில் ஏழரையாக இறங்கிவிடும். தமிழ்நாட்டில் இந்த மீனை நீலகிரியின் அவலாஞ்சி போன்ற உயரமான இடங்களில் மட்டுமே பார்க்க முடிவதற்குக் காரணம் இதுதான். இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் ஓடும் தீர்த்தன் ஆற்றில் குளிருக்குப் பஞ்சமில்லை. பெரிய இமாலயத் தேசியப் பூங்காவின் பனிமலைகளில் பிறந்து, குஷைனி, நாகினி, பஞ்சார் வழியாக இறங்கி, லார்ஜி அருகே பியாஸ் ஆற்றோடு கலக்கிறது. அந்தப் பூங்காவை 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

இங்குள்ள பழுப்பு டிரவுட்டின் தாயகம் ஐரோப்பா. 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து காஷ்மீருக்கு முட்டைகள் வந்தன. 1909இல் குல்லுவில் முதல் பொரிப்பகம் எழுந்தபோது, அங்கே முட்டைகள் காஷ்மீரிலிருந்து போயின. அந்தக் காலத்தில் முட்டைகளை ஈரப்பாசிக்கு இடையில் பரப்பி, பனிக்கட்டி வைத்துத்தான் தூரதேசங்களுக்கு அனுப்பினார்கள். ஒருமுறை பனிக்கட்டி உருகித் தீர்ந்தால் அத்தனை உழைப்பும் வீண். இவ்வளவு பாடும் வெள்ளைக்கார அதிகாரிகளின் பொழுதுபோக்குக்காகத்தான். இன்று அதே மீனைப் பேருந்தில் வந்து இறங்கும் குடும்பம் பிடிக்கலாம். மாநில மீன்வளத் துறை நீண்ட காலமாக ஒரு நாள் உரிமச் சீட்டுக்கு 100 ரூபாய் அளவில்தான் வசூலித்து வந்திருக்கிறது. ஆற்றை எல்லாருக்கும் திறந்துவைப்பதற்கு இதைவிட நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை.

சீட்டோடு விதிகளும் வரும். தூண்டில் மட்டுமே போடலாம். வலை வீசக் கூடாது. குறித்த அளவுக்குச் சிறிய மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடியும்வரை யாருக்கும் அனுமதி கிடையாது. அந்த மாதங்களில்தான் பெண்மீன் வாலால் கூழாங்கற்களைக் கிளறிப் பள்ளம் பறித்து, முட்டையிட்டு, அதன்மேல் கற்களை மூடும். ஒருவர் கால் வைத்து நடந்தாலே ஒரு தலைமுறை நசுங்கிப்போகலாம். இந்த நான்கு மாத ஓய்வு இல்லாமல் மற்ற எட்டு மாதத் தூண்டிலும் இல்லை.

போக உகந்த காலம் ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை, பிறகு செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். ஜூலை, ஆகஸ்ட் மழையில் ஆறு செந்நிறமாகப் பெருகும். கலங்கிய நீரில் மீனுக்கு இரை தெரியாது. கோடையிலும் ஒரு கவனம் வேண்டும். பகலில் உருகும் பனி ஆற்றை வந்து சேர நேரமாகும் என்பதால் பிற்பகலில் நீர்மட்டம் ஏறும். காலையில் நடந்து தாண்டிய பாறைக்கு மாலையில் திரும்ப முடியாமல் போகலாம். சிறுவர்கள் கரையை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் தூண்டிலைத் தொடாமல் இருப்பது நல்லது.

செலவைத் தீர்மானிப்பது மீன் அல்ல, வண்டியும் அறையும்தான். டெல்லியிலிருந்தோ சண்டிகரிலிருந்தோ மணாலி போகும் இரவுப் பேருந்தில் ஏறி ஔட் என்ற ஊரில் இறங்கினால், அங்கிருந்து பஞ்சாருக்கு உள்ளூர்ப் பேருந்து உண்டு. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து போனால் கடைசித் தூரத்துக்கு ஒரே ஜீப் போதும். கிராமத்து வீடு ஒன்றில் இரண்டு அறைகளை எடுத்துக்கொண்டால் வாடகையையும் பகிர்ந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட வீடுகளில் ராஜ்மாவும் சோறும், ஆவியில் வெந்த சித்து என்ற கோதுமை அப்பமும் நெய்யோடு கிடைக்கும். தூண்டிற்கோலை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். ஆளுக்கொரு கோல் தேவையில்லை. எட்டுப் பேருக்கு இரண்டு கோல் போதும். முறை வரும்வரை காத்திருக்கும் குழந்தைதான் ஆற்றை உண்மையாகப் பார்க்கிறது.

பார்க்க நிறைய இருக்கிறது. கரையோரம் ஆழமில்லாத இடத்தில் ஒரு கல்லைப் புரட்டினால், அடிப்பக்கத்தில் அரிசியளவு பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வாலில் மூன்று மெல்லிய இழைகள், பக்கங்களில் துடிக்கும் செவுள்கள். அது மேஃபிளையின் இளம்பூச்சி, டிரவுட்டின் அன்றாட உணவு. கல்லை இருந்தபடியே திருப்பி வைத்துவிட வேண்டும்.

மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். பெரும்பாறைக்குப் பின்னால் நீர் அடங்கும் இடம் அதன் வீடு. பக்கத்தில் விரையும் நீர் இரையைக் கொண்டுவந்து கொடுக்கும். ஆகவே தூண்டில்காரர் கீழ்ப்புறத்திலிருந்து, அதன் முதுகுப் பக்கமாக நெருங்க வேண்டும். கரையில் விழும் நிழலையும் காலடி அதிர்வையும் அது உடனே அறிந்துகொள்ளும். மெல்லிய தங்கூசியில் கட்டிய சிறிய சுழலும் தகட்டை ஓட்டத்தின் குறுக்கே எறிந்து, தகடு சுழலும் அளவுக்கு மட்டும் ரீலைச் சுற்றினால் போதும். புதியவர்களுக்கு ஈயைப் போல் கட்டிய தூண்டிலைவிட இதுவே எளிது. முதல் நாள் முழுக்க ஒன்றும் மாட்டாமலும் போகும்.

மாட்டிவிட்டால் மீனைத் தொடுமுன் கையை நனைக்க வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். நோயிலிருந்து அதைக் காப்பது அந்தப் படலம்தான். பழுப்பு முதுகு, மஞ்சள் வயிறு, பக்கங்களில் வெளிறிய வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள், வாலுக்கு முன் எலும்பில்லாத சிறு கொழுப்புத் துடுப்பு. திரும்ப விடுவதானால் இடுக்கியால் முள்ளை எடுத்து, தலையை நீரோட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தால், சில நொடிகளில் அது தானாகவே கையை உதறிக்கொண்டு போகும்.

வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட மீனை அன்றே சமைக்க வேண்டும். டிரவுட்டின் செதில் மிகச் சிறியது, சீவத் தேவையில்லை. வயிற்றைக் கீறிக் கழுவி, உப்பும் மஞ்சளும் தடவி, கடுகெண்ணெயில் தோல் மொறுமொறுப்பாகும்வரை வறுத்தால் போதும். ஓரளவு பெரிய மீன் ஒன்று எட்டுப் பேருக்கு ஆளுக்கு இரண்டு வாய் வரும். எல்லாரும் வயிறாரச் சாப்பிட, பள்ளத்தாக்கின் பண்ணைகளில் வளர்க்கும் வானவில் டிரவுட்டை எடைபோட்டு வாங்கிக்கொள்ளலாம்.