கடல் காத்த பொருள் யாருடையது?

கடற்கரையில் கிடக்கும் சங்கை எடுத்துச் செல்பவனைத் திருடன் என்று எவரும் சொல்வதில்லை. அயலான் தோட்டத்துக் கனியைக் கேளாமல் பறிப்பவனை அவ்வாறு சொல்லத் தயங்குவதுமில்லை. தரையில் இந்த எல்லை நமக்குத் தெளிவாகத் தெரிகின்றது. ஆனால், இருநூறு ஆண்டுகளுக்கு முன் மூழ்கிப்போன கப்பலொன்றின் அருகில், கடலடி மணலில் கிடக்கும் பொருளுக்கு உரியவர் யார்? அனுப்பியவர் இறந்தார், ஏற்றிச் சென்றவர் இறந்தார், கரையில் காத்திருந்தவரும் இறந்தார். கண்டெடுத்தவனுக்கே அது சொந்தம் என்று சொல்லிவிடலாமா?

அலையோசை எட்டாத அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழும் நமக்கு இக்கேள்வி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். சென்னையிலும் புதுச்சேரியிலும் காற்றுருளையை முதுகில் சுமந்து நீருக்குள் இறங்கும் 'ஸ்கூபா' பயிற்சி இன்று பலருக்குக் கிடைக்கின்றது. நம் பங்குகளின் இளைஞர்களும் விடுமுறை நாள்களில் அதற்குச் செல்கின்றனர். அவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. ஏனையோருக்கும் அது அப்படியன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

பூம்புகார்க் கடலில் நடந்ததை முதலில் எண்ணிப் பார்ப்போம். கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையோடு இணைந்து அங்கே ஆய்வு மேற்கொண்டனர். கடல் கொண்ட காவிரிப்பூம்பட்டினத்தின் சுவடுகளைத் தேடிச் சென்றவர்கள், 1991-ஆம் ஆண்டில், ஏறத்தாழ இருபது மீட்டர் ஆழத்தில் ஒரு மரக்கப்பலின் சிதைவைக் கண்டனர். அதில் ஈயக் கட்டிகள் கிடைத்தன. அவற்றில் 'பிளாக்கெட்' என்னும் பெயரும், 1791, 1792 என்னும் ஆண்டுகளும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. பிளாக்கெட் குடும்பத்தார் வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்களை நடத்தியவர்கள். ஆகவே அக்கப்பல் 1792-க்கு முன் மூழ்கியிருக்க இயலாது என்பதும், அதன் சரக்கு இங்கிலாந்தின் மலைகளில் தோண்டியெடுக்கப்பட்டது என்பதும் தெளிவாயின. கட்டிகள் கிடந்த இடத்திலேயே கிடந்து, காண வேண்டியவர் கண்ணில் பட்டதாலன்றோ இவ்வளவும் தெரியவந்தது!

யாரோ ஒருவர் அவற்றை முன்னரே எடுத்து, எடைக்கு விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உலோகத்தோடு பழகிய நம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உருக்கிய ஈயத்தில் எழுத்து மிஞ்சாது. எடுத்தவருக்குச் சில நூறு ரூபாய் கிடைத்திருக்கும். ஒரு கப்பலின் கதையோ இரண்டாம் முறை மூழ்கியிருக்கும்.

கண்டெடுத்த பொருளைப் பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் சுருக்கம்' என்னும் பெருநூலில், திருட்டைப் பற்றிய பகுதியில் ஆராய்கின்றார். கடற்கரையில் கிடைக்கும் மணிகளைப் போல ஒருபோதும் எவர் உடைமையாகவும் இராத பொருள்களைக் கண்டவர் வைத்துக்கொள்ளலாம். நெடுங்காலத்திற்கு முன் புதைக்கப்பட்டு, உரியவர் இல்லாதுபோன புதையலும் அத்தகையதே. எனினும் அது பிறர் நிலத்தில் கிடைத்தால் நாட்டின் சட்டப்படி நில உரிமையாளருக்குப் பாதி சேரவேண்டும். மத்தேயு நற்செய்தியில், புதையலைக் கண்டவர் அந்த நிலத்தையே விலைக்கு வாங்கியதற்கு இதுவே காரணம் என்று அவர் விளக்குவது சுவையானது. ஆனால் ஒருவருக்கு உரியதாகக் கருதத்தக்க பொருளைத் திருப்பித் தரும் எண்ணமின்றி எடுப்பது திருட்டு என்று அவர் முடிக்கின்றார்.

இந்த வேறுபாடு தமிழ்க் கத்தோலிக்கருக்குப் புதியதன்று. 1542-இல் புனித சவேரியார் வந்தபோது, முத்துக்குளித்துறையின் பரதவர் கல்லின் கனத்தால் ஆழத்தில் இறங்கி, மூச்சடக்கி, உயிரைப் பணயம் வைத்துச் சிப்பி எடுத்தனர். அம்முத்து வேறொருவர் கையிலிருந்து நழுவியதன்று. ஈயக் கட்டியோ அப்படிப்பட்டதன்று. அது ஒருவர் உழைப்பில் பிறந்து, இன்னொருவர் பொறுப்பில் பயணப்பட்டு, ஒரு பேரிழப்பால் கடலடிக்குச் சென்றது. முத்து படைப்பின் கொடை. கட்டியோ ஒரு துயரத்தின் எச்சம்.

பிறர் துயரத்தின் எச்சத்தைத் தன் ஊதியமாகக் கொள்ளலாகாது என்று திருச்சபை முற்காலத்திலேயே உறுதியாகக் கற்பித்தது. உடைந்த கப்பலின் சரக்கைக் கரையோர ஆட்சியாளர் கைப்பற்றுவது அன்று பல நாடுகளில் வழக்கம். 1179-ஆம் ஆண்டின் மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம், கப்பலுடைந்த கிறிஸ்தவர்களைக் கொள்ளையிடுவோர், கவர்ந்ததைத் திருப்பித் தராவிடில், திருச்சபையின் உறவினின்று விலக்கப்படுவர் என்று விதித்தது. இவ்வறவுணர்வு நமக்கு மட்டுமே உரியதென்று பெருமை கொள்ளவும் வேண்டா. நமக்கு வடக்கே, ஆந்திரக் கடற்கரையின் மோட்டுப்பள்ளியில், காகதிய மன்னர் கணபதி தேவர் 1244-45-இல் பொறித்த கல்வெட்டு உள்ளது. முன்னைய அரசர்கள் புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கப்பல்களின் சரக்கைப் பறித்தனர். தாம் அதைச் செய்யாமல் முப்பதில் ஒரு பங்குச் சுங்கம் மட்டுமே பெறுவதாக அவர் அதில் அபயம் அளித்தார். 'கள்ளாமை' அதிகாரத்தில் வள்ளுவர் பிறர் பொருளை நெஞ்சால் விரும்புவதையே குற்றமாக்கியதும் இங்கே நினைக்கத்தக்கது.

புனித பவுல் சென்ற கப்பலும் உடைந்தது. இருநூற்று எழுபத்தாறு பேர் நனைந்த உடையோடு மால்தாத் தீவில் கரையேறினர். அத்தீவினர் கரையொதுங்கிய சரக்கைத் தேடி ஓடியதாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறவில்லை; மழைக்கும் குளிருக்கும் நெருப்பு மூட்டி அவர்களை வரவேற்றதாகவே கூறுகின்றது. நற்செய்தியை அதுவரை கேட்டிராத அவர்கள், கவிழ்ந்தவரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறையை நமக்குக் காட்டிவிட்டனர்.

கவிழ்ந்தவர் எல்லாரும் மாண்டு, வழித்தோன்றல் எவரும் அறியப்படாதபோது உரிமை என்னவாகும்? 1708-இல் கொலம்பியக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 600 பேருடன் மூழ்கிய 'சான் ஹோசே' என்னும் கப்பலின் செல்வத்திற்குக் கொலம்பியா, ஸ்பெயின், ஓர் அமெரிக்க நிறுவனம் ஆகிய தரப்புகள் உரிமை கோரின. பொலிவியாவின் 'காரா காரா' பழங்குடியினரும் முன்வந்து, அந்த வெள்ளியைச் சுரங்கத்தில் வெட்டியவர்கள் தங்கள் முன்னோரே என்றனர். உரிமையாளர் பட்டியலில் உழைத்தவனின் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் வருகின்றது; சில வேளைகளில் வருவதேயில்லை.

எனவே, உரியவர் இல்லை என்று நாம் எண்ணும் பொருளுக்கு உண்மையில் மூவர் உரியவர் என்பேன். முதலாமவர் இறந்தோர். மூழ்கிய கப்பல் பலவும் கல்லறைகளே. கடல் தன்னிடமுள்ள இறந்தோரை ஒருநாள் திருப்பிக் கொடுக்கும் என்று திருவெளிப்பாடு கூறுகின்றது. அந்நாள்வரை அவர்கள் உறங்குமிடம் மதிக்கத்தக்கது. இரண்டாமவர் இனிப் பிறப்போர். மண்ணுலகின் பொருள்கள் எல்லா மாந்தருக்குமாகவே படைக்கப்பட்டன என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது. எல்லாருக்கும் என்னும் சொல்லில் பேரப்பிள்ளைகளும் அடங்குவரன்றோ? மூன்றாமவர் கடல்வாழ் உயிர்கள். வெறும் மணற்பரப்பில் கப்பலொன்று விழுந்தால், சிப்பியும் கடற்பஞ்சும் அதில் ஒட்டி வளர்கின்றன. சிறு மீன்கள் ஒளிந்துகொள்கின்றன. கலவாவும் பாறையும் அவற்றைத் தேடி வருகின்றன. மனிதன் இழந்த வீடு வேறு உயிர்களுக்கு வீடாகின்றது. யுனெஸ்கோ நிறுவனத்தின் 2001-ஆம் ஆண்டு உடன்படிக்கை இதையொட்டியே செல்கின்றது: நூறு ஆண்டுகளுக்கு மேல் நீரில் கிடப்பவற்றை இருக்குமிடத்தில் காப்பதே முதல் வழி, அவற்றை வாணிகமாக்கலாகாது, மனித எச்சங்களுக்கு உரிய மரியாதை வேண்டும்.

அப்படியானால், வலையில் பழைய நங்கூரம் சிக்கிய ஏழை மீனவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டுமா? வேண்டியதில்லை. மண்ணில் புதைந்த பொருளைப் பற்றிய 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்டதைக் கண்டவர் ஆட்சியருக்கு அறிவிக்கக் கட்டளையிடுகின்றது. அறிவித்தவருக்குப் பங்கும் வகுக்கின்றது. நேர்மைக்கு ஊதியம் கொடுப்பது சமுதாயத்தின் கடமை. அதைக் கொடாமல் மீனவரை மட்டும் குறைகூறுவது நீதியன்று.

கடலைக் காணாத நமக்கும் இவ்வறம் பொருந்தும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் அடையாற்றில் பெருகியபோது, வீட்டுப் பொருள்கள் தெருவில் மிதந்தன. அன்று மிதந்து வந்த எரிவாயு உருளையும் ஈயப் பூம்புகார்க் கட்டியும் அறத்தின் முன் ஒன்றே. வேலையிழந்தவர் அவசரத்தில் விற்கும் வீட்டுமனையைப் பாதி விலைக்கு வாங்கி, 'நல்ல வாய்ப்பு' என்று மகிழ்பவரும், மீட்க வழியில்லாத அடகு நகைக்குக் காத்திருப்பவரும், உடைந்த கப்பலைச் சுற்றி நீந்துகின்றவர்களே. சட்டம் அவர்களைத் தொடாதிருக்கலாம். மனச்சான்று கேளாமல் விடாது.

கண்டெடுத்தவன் உரிமையாளன் அல்லன், அவன் பொறுப்பாளன். ஆழத்தில் இறங்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே: கண்ணால் காணுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், உரியவரிடம் அறிவியுங்கள், கையை மட்டும் நீட்டாதீர்கள். கரையில் வாழும் நாம், யாரேனும் கவிழ்ந்தார் என்று கேட்கும்போது, முதலில் நெருப்பு மூட்ட விறகு தேடுவோம்.