ஆழத்துத் தண்ணீரை மொள்ளுகிறவன் யார்?



உபவாசக் கூட்டம் முடிந்தபின் ஒரு தாயார் என்னிடம், "ஐயா, ராத்திரி தூக்கமே வரல. மக கவுன்சிலிங் போகச் சொல்றா. தேவன்கிட்ட சொன்னதை மனுஷன்கிட்டயும் போய்ச் சொன்னா, அது அவிசுவாசம் இல்லையா?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி அநேகர் உள்ளத்தில் இருக்கிறது. வாய்விட்டுக் கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். வேத வெளிச்சத்தில் பார்ப்போம்.

1. கர்த்தரே பேசவைக்கிறார்

எலியா சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டான் (1 இராஜா. 19). கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் தூக்கம், பிறகு அப்பமும் தண்ணீரும். ஓரேபிலே இரண்டு தரம் விசாரித்தார். அவன் சொன்னதையே திரும்பச் சொன்னபோதும் கேட்டார். சகலமும் அறிந்தவருக்கு விசாரணை எதற்கு? எலியா சொல்லி ஆறவேண்டும் என்றுதானே!

மறுதலித்த பேதுருவையும் ஆண்டவர் அவனுக்குப் பழகிய கடற்கரையிலேதான் சந்தித்தார். முதலில் சாப்பாடு, அப்புறந்தான் கேள்வி (யோவான் 21). இன்று இங்கிலாந்தில் சில ஆலோசகர்கள் அறையில் மட்டுமல்ல, படகிலும் உட்காரவைத்து, ஆளுக்கு ஏற்றபடி பேசவைக்கிறார்கள். முகத்துக்கு முகம் பாராமல் தண்ணீரைப் பார்த்துப் பேசும்போது சிலருக்கு நாவின் கட்டு அவிழ்கிறது.

2. கேட்பதும் ஊழியமே

1935ல் இங்கிலாந்திலே சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 14 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியை அடக்கம்பண்ணினார். பருவமடைந்ததைக் கெட்ட வியாதி என்று பயந்து, கேட்டுத் தெளிய ஆளில்லாமல், தன் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளை. அதை அவர் மறக்கவில்லை. 1953ல் லண்டனில் 'சமாரிட்டன்ஸ்' என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் டீ கொடுத்து, கூட உட்கார்ந்து கேட்டார்கள். அதிலேயே பலருக்குப் பாரம் இறங்கிற்று. குருவானவரைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனார்கள். சென்னையிலும் 1986 முதல் 'சினேகா' இப்படிப்பட்ட சேவையைச் செய்துவருகிறது.

யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் மவுனமாய் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல சிநேகிதர்தான். வாயைத் திறந்து அவன்மேல் பாவத்தைச் சாட்டினபோதுதான் கெட்டது.

3. நம்மிடம் ஏன் சொல்வதில்லை?

இங்கேதான் நம் மனச்சாட்சி குத்தவேண்டும். ஒரு சகோதரி அழுது சொன்னதை மறுநாள் வீட்டு ஜெபத்திலே 'ஜெபக்குறிப்பு' என்று பரப்புகிறோமே! புறங்கூறுதலுக்கு ஜெபம் என்று பேர் வைத்தால் அது பரிசுத்தமாகிவிடுமா (நீதி. 11:13)? ஆலோசகருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. உயிருக்கு ஆபத்து போன்ற காரியம் இருந்தாலொழிய, கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. உலகத்தார் காக்கிற இரகசியத்தை அபிஷேகம் பெற்ற நாம் காக்கவேண்டாமா?

"விசுவாசம் போதல", "பிசாசு பிடிச்சிருக்கு" என்று கேட்குமுன்னே தீர்ப்புச் சொல்கிறோம். ஏலியும் அன்னாளைக் குடிவெறியென்றுதான் நினைத்தான். அவள் சொன்னதைக் கேட்டபின் ஆசீர்வதித்தான். அவள் போய்ச் சாப்பிட்டாள், முகவாட்டம் நீங்கிற்று (1 சாமு. 1). அவள் தேவனிடமும் சொன்னாள், மனுஷனிடமும் சொன்னாள். அது அவிசுவாசமா?

4. எல்லையும் உண்டு

பாவமன்னிப்பு இயேசுவின் இரத்தத்தினால் மாத்திரமே. எந்த ஆலோசகரும் சிலுவைக்கு ஈடாகமாட்டார். ஜெபத்தை விட்டுவிடச் சொல்கிறவரிடம் போகவேண்டாம். ஆனால் யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடுவதையும் ஜெபிப்பதையும் சேர்த்தேதான் வைத்திருக்கிறது. நாம் ஏன் பிரிக்கவேண்டும்?

நீதிமொழிகள் 20:5 இருதயத்தின் எண்ணத்தை ஆழத்துத் தண்ணீருக்கு ஒப்பிடுகிறது. கிணற்றுத் தண்ணீர் தானாக மேலே வராது. வாளி இறக்க ஒருவர் வேண்டும்.

பிரியமானவர்களே, சாகலாம் என்ற எண்ணம் வந்தால் தனியாய்ப் போராடாதிருங்கள். இன்றைக்கே வீட்டாரிடமோ போதகரிடமோ சொல்லுங்கள். 2022ல் அரசு தொடங்கின டெலி-மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். யாராவது உங்களிடம் மனம் திறந்தால், புத்தி சொல்லுமுன் செவி கொடுங்கள். கேட்டதைப் பூட்டி வையுங்கள்.

கேட்கிற செவியையும் காக்கிற நாவையும் கர்த்தர்தாமே நமக்குத் தருவாராக. ஆமென். அல்லேலூயா!