நாம் வென்றோம்

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உள. கேட்பவனையும் உள்ளே சேர்த்துக்கொள்வது ‘நாம்’. அவனை வெளியே நிறுத்திப் பேசுவது ‘நாங்கள்’. நம் அண்டையில் வாழும் மலாய் மக்களும் ‘கித்தா’ என்றும் ‘காமி’ என்றும் இவ்வேற்றுமையைப் போற்றுகின்றனர். (தோட்டத்தார் ரப்பருக்கு வழங்கும் ‘கித்தா’ வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டா.) ஆங்கிலத்துக்கோ இந்தப் பாகுபாடு இல்லை.

நெகிரி செம்பிலான் காற்பந்து அணி ஓர் ஆட்டத்தை வென்ற மறுநாள் காலையில், லாபுவிலோ ரந்தாவிலோ ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருப்பவர் என்ன சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். ‘நேத்து நாம ஜெயிச்சிட்டோம்’ என்கிறார். ‘நாங்கள்’ என்று அவர் சொல்வதில்லை. முன்பின் அறியாத நம்மையும் அந்த வெற்றியில் பங்காளியாக்கிவிடுகிறார். ஆனால் அவர் பந்தை உதைத்தவரல்லர். கழகத்தில் அவருக்கு ஒரு காசுப் பங்குமில்லை. யாரை ஆட விடுவது, யாரை நீக்குவது என்று அவரை எவரும் கேட்டதுமில்லை. அப்படியிருக்க எந்த உரிமையால் அவர் ‘நாம்’ என்கிறார்? இதனை ஏமாளித்தனம் என்று தள்ளிவிடுவார் கற்றோருள் உளர். நாம் அங்ஙனம் தள்ளோம். உரிமைச் சீட்டு இல்லாமலே ஒரு பொருளை நம்முடையது என்று சொல்லலாமா என்பது காற்பந்தோடு முடியும் கேள்வியன்று. இந்நாட்டுத் தோட்டத் தமிழர் நூறாண்டுக்கு மேலாகச் சுமந்துவரும் கேள்வியாகும்.

முதலாவது, பணம் கொடுத்தவனுக்கே உரிமை என்னும் வாதத்தைப் பார்ப்போம். இவ்வாதத்தின்படியே நோக்கினாலும் தோட்டத் தொழிலாளி வெறுங்கையன் அல்லன். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய ஐக்கிய மலாய் நாடுகள் நான்கும் தம் பொதுப்பணத்தைக் கொண்டு பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பல் கட்டிக் கொடுத்தன. ‘மலாயா’ என்பது அதன் பெயர். 1916ஆம் ஆண்டு ஜட்லாந்துக் கடற்போரில் அக்கப்பல் பொருதது. 1921ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்நாட்டுக்கு வந்தபோது கிடைத்த வரவேற்புக்கு நன்றியாக, அக்கப்பலார் காற்பந்துக்கு ஒரு கிண்ணமும் ரக்பிக்கு ஒரு கிண்ணமும் அளித்துச் சென்றனர். அவற்றுள் முன்னதே மலாயாக் கிண்ணம். 1967 முதல் மலேசியக் கிண்ணம் என்று வழங்குவது. அந்நாடுகளின் வருவாய் எங்கிருந்து வந்தது? ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும் பெரிதும் வந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரத்துக்கு மரம் மங்கு வைத்துப் பால் சேர்த்தவருடைய வியர்வையும் அக்கப்பலில் இருந்தது. மங்கில் சொட்டிய பாலே சுற்றி வந்து வெள்ளிக் கிண்ணமாயிற்று என்று கூறினால் அது முழுக் கற்பனையன்று.

எனினும் இவ்வாதத்தை நாம் முடிவாகக் கொள்ளமாட்டோம். பணத்தால் உரிமை கோரினால், நாளை நம்மினும் அதிகப் பணம் கொடுப்பவன் நம்மை வெளியேற்ற அதே நியாயம் அவனுக்கும் உதவும்.

இரண்டாவது வாதம் இனத்தைப் பற்றியது. நம்மவர் அதில் ஆடினர், ஆதலின் அது நம் அணி என்பது. மறுப்பதற்கில்லை. நெகிரிக்கு ஆடிய எஸ். குணாளன், 2010ஆம் ஆண்டு தென்கிழக்காசிய சுசுகி கிண்ணத்தை வென்ற தேசிய அணியிலும் இருந்தார். 2021ஆம் ஆண்டு பிரீமியர் லீகை வென்று நெகிரி அணி மேல்நிலை லீகுக்கு ஏறியபோதும், அடுத்த ஆண்டு அந்த மேல்நிலை லீகில் நான்காம் இடம் பெற்றபோதும் பயிற்றுநராக நின்றவர் கே. தேவன். இப்பெயர்களைக் கேட்டு மகிழ்கிறோம், மகிழ்வது குற்றமன்று. ஆனால் அணியின் பதினொருவருள் நம்மவர் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினால், ஒருவருமில்லாத ஆண்டில் என் செய்வது? அணியைக் கைவிடுவதா? எண்ணிக்கையைக் கொண்டு வரும் அன்பு எண்ணிக்கை குறைந்ததும் போய்விடும். அதுவன்றி, அத்தேநீர்க் கடையில் அடுத்த நாற்காலியில் இருக்கும் மலாய் நண்பரும் ‘கித்தா’ என்றே சொல்கிறார். அவருடைய ‘கித்தா’வில் நாம் அடங்குவோமாயின், நம்முடைய ‘நாம்’ அவரை விலக்குவது முறையாகுமா?

பின் எதனால் உரிமை பிறக்கிறது? தோல்வியால் என்போம்.

நெகிரி செம்பிலான் முதன்முதல் மலாயாக் கிண்ணத்தை வென்றது 1948ஆம் ஆண்டில். அவ்வாண்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். போரினால் நின்றுபோயிருந்த போட்டி மீண்டும் நடந்த முதல் ஆண்டு அது. சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரவர் திரும்பவில்லை. ஆளில்லாத லயங்களும் தந்தையில்லாத பிள்ளைகளும் தோட்டங்களில் இருந்த காலம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. தொழிற்சங்கச் சம்மேளனம் தடைசெய்யப்பட்டது. கிண்ணத்தைக் கொடுத்த ‘மலாயா’ கப்பலும் அதே 1948இல்தான் பழைய இரும்புக்கு விற்கப்பட்டு, ஸ்காத்லாந்தில் உடைக்கப்பட்டது. கப்பல் போய்விட்டது, கிண்ணம் சிரம்பானுக்கு வந்தது.

அடுத்த முறை அது வந்தது 2009ஆம் ஆண்டில். கிளந்தானை மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றனர். இடையே அறுபத்தோர் ஆண்டுகள்! 1948இல் பத்து வயதுச் சிறுவனாயிருந்து வானொலியருகே குதித்தவன் எழுபத்தொன்றில் மறுமுறை குதித்திருப்பான், முழங்கால் இடங்கொடுத்திருந்தால். பிறகு 2011இல் திரங்கானுவை வென்று மூன்றாம் முறை பெற்றனர். 2003, 2010 ஆகிய ஆண்டுகளில் எஃப்.ஏ. கிண்ணமும், 2005-06இல் சூப்பர் லீக் பட்டமும் கிடைத்தன. இவை புத்தகத்தில் ஏறும் செய்திகள். அந்த அறுபத்தோர் ஆண்டில் தோற்ற ஆட்டங்களை யார் காத்து வைத்திருக்கிறார்கள்? மழையில் பேருந்தேறி வந்து, தோல்வியைக் கண்டு, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு நடந்து சென்றவர்கள்தாம்.

‘நாம் வென்றோம்’ என்பது எவருக்கும் எளிது. ‘நாம் தோற்றோம்’ என்று சொல்பவரைத் தேடிப் பாருங்கள்! தோற்ற மறுநாள் பலருடைய இலக்கணம் மாறிவிடுகிறது. தன்மை படர்க்கையாகி ‘அவனுங்க தோத்துட்டானுங்க’ என்கிறார்கள். சிலர் உயர்திணையையும் விட்டிறங்கி ‘இதெல்லாம் ஒரு டீமா’ என்று அஃறிணைக்கே தள்ளிவிடுகிறார்கள். தோல்வியிலும் தன்மைப் பன்மையை விடாதவர் எவரோ, அவருக்கே வெற்றியில் அச்சொல் உரியது. குடும்பத்திலும் சங்கத்திலும் இதுவன்றி வேறு அளவுகோல் நாம் கண்டிலோம்.

தோட்டங்களில் ஆடிய அணிகளை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. விடியற்காலை இருளில் மரஞ்சீவப் போய், பாலைச் சுமந்து ஸ்டோரில் நிறுத்துவிட்டு, மாலையில் திடலில் இறங்கியவர்கள் அவர்கள். தோலினால் தைத்து வாரிழுத்துக் கட்டிய பந்து. மழையில் நனைந்தால் கல்லாய்க் கனக்கும். பலர் வெறுங்காலர். கணுக்கால் பிசகினால் மறுநாள் பேர் போட முடியாது; பேர் போடாத நாளுக்குக் கூலியில்லை. ஆகவே ஆடுபவனுடைய வீட்டாரும் அவ்வாட்டத்தில் பணயம் வைத்திருந்தனர் என்பது மிகையன்று. துரைமார் திடல் ஒதுக்கித் தந்தது கருணையால் மட்டுமன்று. பந்தாடுபவன் மறுநாள் ஒழுங்காக வேலைக்கு வருவான் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். இருப்பினும், துரையின் நிலத்தில், துரை தந்த நேரத்தில் ஆடியவர்கள் அத்திடலில் நின்ற ஒன்றரை மணி நேரம் எவருக்கும் கூலியாட்கள் அல்லர். அங்கே ‘நாம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன; ரப்பர் வீழ்ந்து செம்பனை எழுந்தது; நீலாயிலும் செண்டாயானிலும் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. திடலை விற்றவர் எவரும் அதில் ஆடியவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டமுமில்லை. இங்கேதான் நம் கேள்வியின் கூர்மை இருக்கிறது. அன்பினால் பிறக்கும் உரிமை உண்மையானதே. ஆனால் அது நீதிமன்றத்தில் செல்லாத உரிமை.

இதற்கு அண்மைக்காலச் சான்று வேண்டுமாயின், மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழியில் தோன்றிய கழகத்தைப் பார்க்கலாம். அது பெட்டாலிங் ஜெயா ரேஞ்சர்ஸ் என்றும் பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்றும் பெயர் மாறி, 2019இல் மேல்நிலை லீகில் இடம் பெற்றது. 2022ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் லீகிலிருந்து விலகிக்கொண்டது. நடத்தியோர்க்குத் தக்க காரணங்கள் இருந்திருக்கலாம். அவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் ஒரு முடிவினால் தொடங்கியது மற்றொரு முடிவினால் முடிந்தது. அதை ‘நாம்’ என்று அழைத்தவர்கள் மறுநாள் காலையில் எழுவாய் இல்லாமல் நின்றார்கள்.

வேறு நாடுகளில் இதற்குச் சிறிது பரிகாரம் தேடியிருக்கின்றனர். ஜெர்மனியில் 1998 முதல், முதலாளி எத்துணைப் பணம் போட்டாலும் கழகத்தின் வாக்குகளில் பெரும்பான்மை அங்கத்தினரிடமே இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. விலக்குகள் சில உண்டு. லண்டனிலிருந்த விம்பிள்டன் கழகத்தை வேறொரு நகருக்குப் பெயர்த்துச் செல்ல 2002ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தபோது, அதன் அன்பர்கள் ஒன்றுகூடித் தாமே புதுக்கழகம் ஒன்றைத் தொடங்கினர். கடைநிலைப் போட்டிகளில் ஆடி ஆடி ஒன்பதே ஆண்டுகளில் தொழில்முறை லீகுக்கு ஏறினர். நம்மை அதைவிட வியக்கவைப்பது பிறிதொன்று. 2007இல், இடம்பெயர்ந்து சென்ற கழகம் பழைய விம்பிள்டனின் வெற்றிச் சின்னங்களையும் வரலாற்றின் மீதான உரிமையையும் அவ்வூராட்சியிடமே திருப்பிக் கொடுத்தது. ஆட்டக்காரரை வாங்கலாம், திடலை விற்கலாம். தோல்விகளைச் சுமந்தவரிடமிருந்து அவ்வரலாற்றை மட்டும் வாங்க முடியவில்லை.

ஆகவே ‘நாம்’ என்று சொல்லும் அன்பருக்கு நாம் வைக்கும் விண்ணப்பம் இரண்டே. கைதட்டுவதோடு நில்லாமல், ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா, கழகத்தின் வரவு செலவு என்ன என்று கேளுங்கள். தன் வீட்டுக் கணக்கைக் கேட்பதில் வெட்கமில்லை. மற்றொன்று வரலாற்றைப் பற்றியது. இந்நாளில் இளைஞர் சிலர் என்றுமே இல்லாத காற்பந்துக் கழகங்களைக் கற்பித்து, அவற்றுக்குத் தொடங்கிய ஆண்டு, கொடியின் நிறம், இறுதியாட்டத்தின் கோல்கள் எல்லாம் எழுதி வேடிக்கை பார்க்கின்றனர். பிழையில்லை, கற்பனை நல்ல பயிற்சியே. ஆனால் இல்லாத கழகத்துக்கு நூறு பக்க வரலாறு இருக்க, லாபுவிலும் ரந்தாவிலும் பகாவிலும் உண்மையாகவே ஆடிய தோட்ட அணிகளுக்கு ஒரு பக்கமும் இல்லை. அவ்வணிகளின் ஆட்டக்காரர் பெயர்களை வரிசையாகச் சொல்லக்கூடியவர்கள் இன்று சிரம்பான் அடுக்குமாடி வீடுகளில் பேரப்பிள்ளைகளுடன் இருக்கிறார்கள். எண்பதைக் கடந்தவர்கள். பிற்பகல் வேளைகளில் அவர்களுக்கு வேறு வேலையில்லை.